வெள்ளைக்கு அடியில் மஞ்சள்

அன்புள்ள மகனுக்கு,

நம் அம்பாசடர் வண்டி ஒருநாளும் டாக்ஸியாக ஓடியதில்லை. போன வாரம் அதியன்னூர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் சுகு ஆசான் கதவுப் பக்கத்தில் பெயின்டைச் சுரண்டியபோது நீ பெங்களூரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய். வெள்ளைக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. இது முதலில் டாக்ஸியாக இருந்ததா என்று கேட்டாய். இருக்கும் என்றேன். மறுநாள் இன்னொரு கேள்வி வந்தது. கிளட்ச், பிரேக் மிதிகளில் இரண்டிரண்டு துளைகள் இருக்கின்றன, எதற்கென்று ஆசானுக்குப் புரியவில்லை, வெல்டு வைத்து அடைத்துவிடலாமா என்றாய். எனக்குத் தெரியாது என்றேன். மூன்றாவது கேள்வியை நீ கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாய். "அம்மைக்குப் பிடிச்ச நெறம் எதுன்னு சொல்லுங்கப்பா. நான் சொன்ன ஒயின் ரெட்ட விட்டுட்டு அதையே அடிச்சிரலாம்." அம்மாவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். மூன்றும் பொய். யோசித்துச் சொன்ன பொய்கள் அல்ல. வாய் தானாகச் சொன்னது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

உன் அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை என்று உன் அத்தைக்குக் கவலை. அழுகை வந்தால் அடக்கப்போவதில்லை, வரவில்லை. ரப்பர் வெட்டுகிறவர் வந்து போகிறார், ஷீட் கொடியில் காய்கிறது, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்ப் பாட்டுப் புத்தகத்தில் சரியான பக்கத்தைத் திறக்கிறேன். எதுவும் உள்ளே இறங்குவதில்லை. சோறு இறங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே இந்தக் கடிதத்தில் கண்ணீர் எதையும் எதிர்பார்க்காதே. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பத்து வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டியை ஜனவரியில் உன் கல்யாணத்துக்கு ஓட வைக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். அந்த வண்டிக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு அதற்கு நிறம் அடிப்பதுதான் முறை.

அந்த அம்பாசடரை நெய்யாற்றின்கரையில் ஒரு வயதான டாக்டரிடம் வாங்கினோம். உனக்கு அப்போது மூன்று வயது. கார் வேண்டும் என்று சொன்னது நானில்லை, உன் அம்மா. அவளுக்கு ஒற்றசேகரமங்கலத்துக்கு அப்புறம் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. பனச்சமூட்டில் ஒரு பஸ், வெள்ளறடையில் இறங்கி இன்னொரு பஸ். இரண்டாவது பஸ் போய்விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது நீ பக்கத்து வீட்டிலேயே சாப்பிட்டு உறங்கியிருப்பாய். உறங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதைத் தவிர தனக்கும் உனக்கும் இடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று உன்னைப் பார்த்து அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் நெய்யாற்றின்கரையில் சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். எனக்கு வீட்டிலிருந்து நேர் பஸ் உண்டு. கார் எனக்குத் தேவையே இல்லை. அவள் கேட்டாள், சரி என்றேன். அந்தச் சரி மட்டும் நான் நன்றாகச் சொன்னேன்.

வண்டி சாம்பல் நிறத்தில் உரிந்துபோய் வந்தது. நிறத்தை நீயே சொல்லு என்று அவளிடம் விட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே, எனக்கு அதில் அக்கறை இல்லை. வெள்ளைதான் சொல்வாள் என்றிருந்தேன், அந்தக் காலத்தில் ரோட்டில் போன அம்பாசடர் பாதியும் வெள்ளைதானே. அவள் பெயின்ட் கடையிலிருந்து நாலைந்து நிறத்தில் தகரத் துண்டுகள் வாங்கிவந்தாள். ஒவ்வொன்றையும் நம் ரப்பர் மரங்களில் சாய்த்து வைத்துவிட்டு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்று பார்த்தாள். மழை பெய்கிறபோது ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை. இரண்டாவது நாள் வந்து சொன்னாள்: "மஞ்ச போதும். மழை நேரத்துல வளைவு திரும்பி வாற லாரிக்காரனுக்குத் தூரத்துலயே தெரியும்." டாக்ஸி என்று சொல்வார்கள் என்றேன். சொன்னால் சொல்லட்டும், இடித்துவிட்டுக் கண்ணில் படவில்லை என்று சொல்லாமல் இருந்தால் போதும் என்றாள். அப்படி அடித்த மஞ்சள்தான் நீ பார்த்தது. நிறத்தைப் பற்றி அவ்வளவு யோசித்த ஒருத்தியை நான் அப்புறம் பார்த்ததில்லை. அவளுக்கு அது அழகு சமாச்சாரமே இல்லை.

பாறசாலையில் டிரைவிங் படித்தாள். முதல் டெஸ்டில் தோற்றாள். அவள் உயரம் உனக்குத் தெரியும், உன் நெஞ்சுக்குக்கூட வரமாட்டாள். சீட்டை முழுக்க முன்னால் தள்ளினாலும் கிளட்சை அடிவரை மிதிக்க அவள் கால் எட்டவில்லை. அந்த வண்டியின் கிளட்ச் எனக்கே கனமாக இருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு பரீட்சைப் பேப்பரின் பின்பக்கத்தில், மிதிகளின் மேல் பொருத்துகிற கட்டைகளைப் படமாக வரைந்தாள். கிளட்சுக்கு இவ்வளவு தடிமன், பிரேக்குக்கு இவ்வளவு, ஆக்ஸிலேட்டருக்குக் கொஞ்சம் மெலிவாக என்று விரல் அளவில் குறித்தாள். பனச்சமூட்டில் ஒரு தச்சர் அதைப் பார்த்து அயினி மரத்தில் மூன்று கட்டைகள் செய்து கொடுத்தார். மேலே வழுக்காமல் இருக்கப் பழைய டயரை வெட்டி ஆணி அடித்திருந்தார். மிதிகளில் துளை போட்டு அந்தக் கட்டைகளை போல்ட்டில் முறுக்கினார்கள். ஆசானுக்குப் புரியாத துளைகள் அவைதான். ஆக்ஸிலேட்டர் மிதியைப் பின்னால் எப்போதோ மாற்றிவிட்டோம், அதனால் அதில் இல்லை. இரண்டாவது டெஸ்டில் பாஸானாள். வெளியே வந்து லைசன்ஸ் கிடைக்கும் என்கிற சீட்டை உன் கையில் கொடுத்தாள். நீ அதை வாயில் வைத்தாய்.

பதினோரு மாதம் ஓட்டினாள். தினமும் காலையில் வெள்ளறடை வழியாகப் பள்ளிக்கூடம், மூன்றே முக்காலுக்குத் திரும்பி வீடு. வழியில் இரண்டு டீச்சர்மார் ஏறிக்கொள்வார்கள். சில நாள் உன்னையும் கூட்டிக்கொண்டு போவாள், நீ ஒன்றாம் வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். ரோட்டோரக் கடைக்காரர்கள் அவளை மஞ்ச வண்டி டீச்சர் என்றார்கள். அந்த மாதங்களில் அவளுக்குப் பேச நிறைய இருந்தது. எந்தப் பாலத்தில் புதிதாகக் குழி விழுந்திருக்கிறது, எந்தப் பஸ் டிரைவர் வழி விடுவார், எவர் விடமாட்டார். ராத்திரிச் சோற்றின்போது அதையெல்லாம் சொல்வாள். நான் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறசாலையில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பினோம். அவள் ஓட்டினாள், நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஜங்ஷனில் வண்டி நின்றபோது என் ஆபீஸ்காரர் ஒருவர் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். திங்கட்கிழமை நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அவர் எல்லாரும் கேட்க, "இந்நலெ சாரினெ டீச்சர் கொண்டுபோகுந்நது கண்டு" என்றார். நேற்று டீச்சர் சாரைக் கொண்டுபோனதைப் பார்த்தேன், அவ்வளவுதான் அர்த்தம். அதில் தவறான சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம், நான் லீவு எழுதினால் டீச்சர் அனுமதித்தாரா என்பார்கள், டீ குடிக்க எழுந்தால் வண்டி வந்துவிட்டதா என்பார்கள். மக்கா, என்னை யாரும் அடிக்கவில்லை, வேலையிலிருந்து தூக்கவில்லை. ஒரு மாதம் சிரித்தார்கள். ஒரு ஆளை மாற்றுவதற்கு அது போதும் என்று எனக்குத் தெரியாது. நீ வேலை செய்கிற இடத்திலும் சிரிப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் சிரித்ததை வீட்டுக்குக் கொண்டுவராதே. நான் கொண்டுவந்தேன்.

அந்த மாதக் கடைசியில் பனச்சமூடு சந்தைக்குள் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கொடுக்கும்போது அவள் பின்பக்கத்தை ஒரு மதிலில் உரசிவிட்டாள். மட்கார்டு உள்ளங்கை அளவுக்கு நெளிந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து அவளே என்னிடம் சொன்னாள், தப்பு தன்மேல்தான், கண்ணாடியைப் பார்க்கவில்லை என்றாள். நான் கோபப்படவில்லை. எனக்கு உள்ளுக்குள் லேசாக இருந்தது, காரணம் கிடைத்துவிட்டது. நெளிவை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வண்டியை மாநில பார்டருக்கு அந்தப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் அவளைத் தெரியும், கேள்வி கேட்பார்கள். அங்கே மட்கார்டைச் சரிசெய்யச் சொன்னேன், வண்டி முழுக்க வெள்ளை அடிக்கச் சொன்னேன், மிதிகளிலிருந்து கட்டைகளைக் கழற்றச் சொன்னேன். நான் ஓட்டும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்று காரணம் சொன்னேன். அது உண்மைதான், இடிக்கும். நிறம் மாற்றியதைப் பதிய எழுதிய மனுவில் பழைய பெயின்ட் மங்கிப்போனது என்று எழுதினேன். அடித்து ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

வண்டியை முற்றத்தில் கொண்டு நிறுத்தியபோது அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வந்து பார்த்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள்.

"கட்டை எங்க?"

"களஞ்சாச்சு, தூர எறிஞ்சாச்சு" என்றேன்.

"நான் எப்படி ஓட்டுவேன்?"

"நீ எதுக்கு ஓட்டணும்? எங்க போணும்னாலும் நான் கொண்டு விடுவேன்."

அவள் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். பிறகு போய் மிச்சத் துணியைக் காயப்போட்டாள். அன்றைக்கு அவள் சண்டை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நான் சண்டையிலும் ஜெயித்திருப்பேன், அதுதான் அப்போதைய என் நிலை. திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். நானும் பஸ்ஸில் போனேன். வெள்ளை வண்டி ஷெட்டில் இருந்தது. அந்த வாரம் இரண்டு தடவை, கட்டையைத் திரும்ப வைத்து நானும் ஓட்டட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள், பார்க்கலாம் என்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. அவளுக்கு லீவு, எனக்கு ஆபீஸ் உண்டு. பதினொரு மணி வாக்கில் நீ தோட்டத்தில் ஏதோ மரப்பொந்தில் கம்பை விட்டுக் குத்தியிருக்கிறாய். கடந்தல் கூடு. குளவி உன் தலையிலும் கழுத்திலும் குத்தியது. அவள் ஓடிவந்து பார்க்கும்போதே உன் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன, மூச்சு இழுத்தது. மிச்சத்தை உனக்கு எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். சபையில் உன் திடப்படுத்தல் ஆராதனை அன்று அத்தை சொன்னாள், நீ வேலைக்குப் போன அன்று அடுத்த வீட்டு அம்மா சொன்னாள். அம்மா செருப்பில்லாமல் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் பனச்சமூட்டுக்கு ஓடினாள், வாழைக்குலை ஏற்றிப்போன ஜீப்பை மறித்தாள், ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். அது அத்தனையும் உண்மை. அதற்கு முந்தின பத்து நிமிஷத்தை யாரும் உனக்குச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர், உன் அம்மாவும் நானும்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ உறங்கிக்கொண்டிருந்தாய். அவள் பாதத்தில் ஜல்லி கிழித்த இடத்தில் நர்ஸ் மருந்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் என்னிடம் உன் மாற்றுத் துணியை எடுத்து வரச் சொன்னாள். வீட்டுக்குப் போனேன். ஷெட்டில் வண்டி தன் இடத்தில் இல்லை. இரண்டடி முன்னால் வந்து செங்கல் தூணில் மூக்கை இடித்து நின்றது, தூணில் மேல் வரிசை பெயர்ந்து கிடந்தது. டிரைவர் கதவு திறந்தே இருந்தது. சாவி அதிலேயே இருந்தது. சீட்டில் முதுகுப் பக்கத்தில் நம் கட்டில் தலையணைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. தரையில், மிதிக்குப் பக்கத்தில், அடுக்களையில் உட்காருகிற சின்னப் பலகை கிடந்தது. அதைக் கிளட்சின் மேல் வைத்து மிதித்துப் பார்த்திருக்கிறாள். நழுவியிருக்கிறது. வண்டி துள்ளித் தூணில் இடித்து நின்றிருக்கிறது. பக்கத்து சீட்டில் நீ கிடந்திருக்கிறாய், அங்கே உன் வாந்தி இருந்தது. எத்தனை தடவை முயன்றாள் என்று தெரியாது. அதற்கப்புறம்தான் அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். சீட்டைக் கழுவினேன். தலையணை உறைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். பலகையைக் கொண்டுபோய் அடுக்களையில் அதன் இடத்தில் வைத்தேன். உன் துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடுத்த வாரம் தூணைச் சரிசெய்தேன். இதில் ஒன்றைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும், கழுவிய சீட்டை அவள் பார்த்தாள். கட்டைகளைத் திரும்பச் செய்திருக்கலாம். அந்தத் தச்சர் அப்போதும் பனச்சமூட்டில்தான் இருந்தார். ஒரு மணி நேர வேலை. ஆனால் செய்தால் என் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகும். அதற்குப் பதிலாக நான் என் வாக்கைக் காப்பாற்றினேன். ஆபீஸ் நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு, அவள் ரிட்டயராகும்வரை தினமும் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன், கூட்டிக்கொண்டு வந்தேன். ஊரில் என்னைப் போல ஒரு புருஷன் இல்லை என்றார்கள். அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். முன்னால் காற்று அடிக்கிறது என்று சொன்னாள். அம்மாவுக்குக் காரே பிடிக்காது என்று நீ சின்ன வயதில் கண்டுபிடித்துச் சொன்னாய். நான் மறுக்கவில்லை.

போன வருடம் திருவனந்தபுரத்தில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதம், நீ பெங்களூருக்குப் போய்விட்டு வருவதற்குள் ஒரு பகல் நேரம், நான் அதைப் பேசினேன். நோய்க்காரியிடம் பேச வேண்டிய பேச்சா என்று தெரியாது. எனக்காகத்தான் பேசினேன். அன்றைக்குக் கட்டைகளைக் கழற்றியது தப்பு என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"ரொம்ப நாளு கனவுல ஓட்டிட்டு இருந்தேன்" என்றாள். "வெள்ளறடை ரோடு வரும். கால் நல்லா எட்டும். பின்ன அந்தக் கனவும் வராம ஆச்சு."

நான் காத்திருந்தேன். கோபமாக ஏதாவது சொல்வாள், அல்லது போகட்டும் என்பாள் என்று. அவள் கஞ்சியில் இன்றைக்கு உப்பு அதிகம், கேன்டீனில் சொல்லுங்கள் என்றாள். நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்காதே. மன்னிக்கிற அளவுக்கு அந்த விஷயத்தை அவள் வைத்திருக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. எப்போது அதை இறக்கி வைத்தாள் என்றும் தெரியாது. அந்த நிமிஷத்திலிருந்துதான் எனக்கு இந்த மரத்துப்போன நிலை. அவள் போன அன்றைக்கு வந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

அடக்க ஆராதனையில் நீ பேசினாய். நான் முதல் பெஞ்சில் இருந்தேன். ஷெட்டில் கார் நின்றது, ஆனால் அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, அதனால் என்னைச் சுமந்துகொண்டு ஓடினாள் என்று சொன்னாய். சபை முழுக்க அழுதது. நான் திரும்பியபோது அவளோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் பின்னாலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். தினமும் மஞ்சள் வண்டியில் ஏறி வந்தவர். நான் எழுந்து திருத்தியிருக்க வேண்டும். பெட்டி மூடுவதற்கு முன்னால் அவளுக்காக நான் செய்யக்கூடிய ஒரே காரியமாக அது இருந்தது. நான் எழவில்லை. இப்போது எழுதுகிறேன்: உன் அம்மாவுக்கு ஓட்டத் தெரியும். நன்றாக ஓட்டுவாள். என்னை விட நன்றாக ஓட்டுவாள்.

நிறம் உன் இஷ்டம். மஞ்சள் அடி என்று நான் கேட்கப்போவதில்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கும், அதனாலேயே கேட்கக் கூடாது. துளைகளை அடைப்பதும் விடுவதும் உன் முடிவு. ஏசி வை, விளக்கை மாற்று, டயரை அகலமாகப் போடு, எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நேற்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது ஆசான் ஒரு விஷயம் சொன்னார். பழைய நீள சீட்டை எடுத்துவிட்டு நீ வைக்கச் சொன்ன புதிய சீட்டு தரையோடு போல்ட் போடுவதாம், உன் கால் அளவை நீ எழுதி அனுப்பியிருக்கிறாய். "முன்ன பின்ன நீக்கதுக்கு ரெயில் வேண்டாம்னு மோன் சொன்னாரு சாரே. பந்தய வண்டி மாதிரி ஒறப்பிக்கது ஆக்கும். வேற ஆருக்கும் கால் எட்டாது, ஓட்ட ஒக்காது, அது கொழப்பம் இல்லையே?" என்று என்னிடம் கேட்டார். வெளியே வந்தேன். ரோட்டோரம் நின்று ஷெரினுக்குப் போன் போட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மருமகளிடம் மாமனார் தனியாகப் பேசுவது முறையா என்று யோசிக்கவில்லை. உனக்கு கார் ஓட்டத் தெரியுமா மக்களே என்று கேட்டேன்.

"லைசன்ஸ் உண்டு மாமா. எங்க அப்பாவுக்க வண்டிய நானாக்கும் எடுக்கது" என்றாள். நம் வண்டியைப் பற்றி அவன் உன்னிடம் ஏதாவது கேட்டானா என்றேன். "நானும் ஓட்டட்டான்னு ரெண்டு தடவை கேட்டேன். நீ பக்கத்துல இருந்தா போதும், எங்க போணும்னாலும் நான் கொண்டு விடுவேன்னு சொல்லியாச்சு."

அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள் மக்கா. அந்தச் சிரிப்பை நம்பி இருந்துவிடாதே. உன் அம்மாவும் முதலில் இரண்டு தடவை சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

அப்பா